ஈயம் எடைக்கல்லோடு இருக்கட்டும்



நம் கடைகளில் ஈயத்துக்கு நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி, அதன்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருப்பார்கள். வியாபாரியின் நாணயத்துக்குச் சாட்சி சொல்லும் உலோகம் என்றுதான் நாம் ஈயத்தை அறிந்திருந்தோம். அது மனித உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று நம்மில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கேள்வி தானாகவே கடைக்குள் வந்தது. மாகி நூடுல்ஸில் ஈயம் இருப்பதாக உத்தரப் பிரதேசத்தில் எழுந்த புகார் நாடு முழுவதும் பரவியது. ஜூன் 4ஆம் தேதி தமிழக அரசும், மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தன. அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடை உத்தரவை ரத்து செய்தது. மறு சோதனைகளில் ஈயம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்து, நவம்பரில் சரக்கு மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதோடு நாமும் மறந்துவிட்டோம். பெரிய கம்பெனிச் சரக்கு, பெரிய கோர்ட்டு, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

நமக்கென்ன என்று இருக்க முடியாத ஒன்று சில ஆண்டுகள் கழித்து நம் மண்டியிலேயே நடந்தது. வெட்கப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் நம் சங்க இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

பொங்கலுக்கு முந்திய மாதம். அந்த வருடம் மஞ்சள் காயும் பருவத்தில் மழை பிடித்துக்கொண்டதால் வந்த விரலியெல்லாம் நிறம் மங்கிக் கிடந்தது. சில்லறைக் கடைக்காரர்களோ, "பளபளன்னு இருந்தாத்தான் போகுதுங்க" என்று முகம் சுளித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு தரகர் பத்து மூட்டைக்கு மாதிரி கொண்டு வந்தார். தங்கக் காசு போல மின்னியது. விலையும் படிந்தது. பில் பிறகு வரும் என்றார். நாமும் தலையாட்டினோம். பில் இன்றுவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

நான்கு நாள் கழித்துத் தளியிலிருந்து நம் வாடிக்கைக் கடைக்காரர் ஒருவர் கைப்பையில் ஐந்தாறு விரலியோடு வந்தார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். கண்ணாடி டம்ளரில் ஒரு விரலியைப் போட்டார். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் மஞ்சளாயிற்று. பக்கத்தில் நம் பழைய மங்கிய சரக்கில் ஒன்றை வேறு டம்ளரில் போட்டார். தண்ணீர் தெளிவாகவே நின்றது. "வீட்டுல மஞ்சள் கழுவுறப்போ கையெல்லாம் பெயிண்ட் மாதிரி ஒட்டுதுங்கண்ணா" என்றார்.

மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். வந்த சீட்டில் இருந்த எண் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பத்து மூட்டையில் ஏழு மூட்டையைத் திரும்ப வாங்கி, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நாமே போய்ச் சொல்லி ஒப்படைத்தோம். மூன்று மூட்டை அதற்குள் கால் கிலோ, நூறு கிராம் என்று பிரிந்து போய்விட்டது. எந்தெந்த வீட்டுக் குழம்பில் விழுந்ததோ தெரியாது.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். நம் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. ஆகவே தெரிந்த டாக்டர்களிடம் கேட்டும், மகன் எடுத்துக் கொடுத்ததை வாசித்தும் புரிந்துகொண்டதை நம் பாஷையில் எழுதுகிறோம்.

மஞ்சளுக்கு மினுமினுப்பு ஏற்றப் பயன்படும் அந்தப் பொடிக்கு ஈயக் குரோமேட் என்று பெயர். குரோம் மஞ்சள் என்று பெயின்ட் தொழிலில் சொல்வார்கள். ஈயமும் குரோமியமும் சேர்ந்த சாயம். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் மஞ்சள் வர்ணத்தில் போடுவது. நேர்மையாக மெருகு ஏற்றுபவர்கள் டிரம்மில் விரலியைச் சுற்றும்போது மஞ்சள் தூளையே தூவுவார்கள். அதற்குப் பதில் இந்தச் சாயத்தைத் தூவினால் கைப்பிடிப் பொடியில் மூட்டையே மின்னும். எடையும் கூடும்.

ஈயம் வாய் வழியாகவோ, தூசியாக மூக்கு வழியாகவோ உள்ளே போகிறது. உடம்புக்கு ஈயத்தால் எந்த உபயோகமும் இல்லை. இரும்பும் துத்தநாகமும் சிறிதளவாவது தேவை. ஈயம் ஒரு துளியும் தேவையில்லை. ஆனால் அது சுண்ணாம்புச் சத்தைப் போல வேடம் போடுகிறது. குடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி உள்ளே விடுகிறது. வளர்ந்த மனிதர் உடம்பு, உண்ட ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஏற்கிறது என்றால், சின்னக் குழந்தையின் உடம்பு பாதி வரை ஏற்கிறது. வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமல்லவா, அந்த அவசரத்தில் ஆள் தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிறது. வயிறு காலியாக இருந்தாலும், இரும்புச் சத்து குறைந்திருந்தாலும் இன்னும் அதிகமாக ஏறும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் சேதம் கூடுதல் என்பது இதனால்தான்.

உள்ளே போன ஈயம் முதலில் இரத்தத்தில், சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளை உடம்பு தயாரிக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் நொதிகளை ஈயம் முடக்கிவிடுகிறது. இரத்த சோகை வருகிறது. சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுப்பார்கள். காரணம் சமையலறை டப்பாவில் உட்கார்ந்திருக்கும்.

சுமார் ஒரு மாதத்தில் இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறையும். குறைந்தது எங்கே போயிற்று? கொஞ்சம் சிறுநீரில் வெளியேறும். மீதி எலும்பில் போய்த் தங்கும். வளர்ந்தவர் உடம்பில் உள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கே இருபது முப்பது வருடம் கிடக்கும். நம் குடோனில் பழைய ஸ்டாக் மூலையில் கிடப்பது போல. ஒரு பெண் கருவுற்றால் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து இறங்கும் அல்லவா, அப்போது இந்தப் பழைய ஸ்டாக்கும் சேர்ந்து இறங்கிக் கருவுக்குப் போகிறது. தாய் சிறுமியாக இருந்தபோது தின்ற ஈயம், அவள் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடுகிறது. இதைக் கேட்ட அன்று நமக்கு அந்த மூன்று மூட்டை நினைவுக்கு வந்து இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

மூளைக்குள் கண்டது போகாதபடி இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்து வேடத்தில் ஈயம் அதையும் தாண்டிவிடுகிறது. நரம்புக்கு நரம்பு செய்தி போவதற்கு உண்மையான சுண்ணாம்புச் சத்து வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்து குழப்புகிறது. குழந்தைக்குப் புத்திக் கூர்மை குறைகிறது, ஓரிடத்தில் கவனம் நிற்பதில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். வாத்தியார் "மக்குப் பையன்" என்கிறார், தகப்பனார் அடிக்கிறார். வெளியே பார்த்தால் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அப்படிப் போன புத்தி பிறகு திரும்புவதில்லை.

பெரியவர்களுக்கு நஞ்சு அதிகமானால் வயிற்றில் முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், மூட்டு வலி, ஈறு ஓரத்தில் நீலக்கோடு வரும். இன்னும் முற்றினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். குறைந்த அளவிலேயே நாள்பட இரத்தக் கொதிப்பு ஏறுகிறது, சிறுநீரகமும் இருதயமும் கெடுகின்றன. எத்தனையோ பேர் வயிற்று வலி என்று வருடக்கணக்கில் மருந்து தின்றிருப்பார்கள்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று கேட்பது வியாபாரியின் புத்தி. நாமும் கேட்டோம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் நிர்ணயித்தது. ஒரு லிட்டர் இரத்தம் உள்ள சின்னக் குழந்தைக்கு மொத்தம் 35 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்க. இந்த விஷயத்தில் நாட்டின் கண்ணைத் திறந்த வேலை நம் பக்கத்து ஊரில்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. நம் ஓசூர் வட்டாரத்தில் 1997இல் சாந்தி பவன் பள்ளியைத் தொடங்கிய ஆபிரகாம் ஜார்ஜ் அவர்களின் அறக்கட்டளை, அதே காலத்தில் பெங்களூர், சென்னை, வேலூர் உள்ளிட்ட 7 நகரங்களில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் இதற்கென்றே சர்வதேச மாநாடு கூட்டினார்கள். அப்போது பெரிய குற்றவாளி பெட்ரோல். இஞ்சின் தட்டாமல் ஓட அதில் ஈயம் கலந்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் அவர்கள் ஈய நஞ்சுக்கென தேசிய ஆலோசனை மையத்தை அங்கே நடத்தி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். நாம் சரக்கு வாங்கப் போன நூறு தடவையில் ஒரு தடவையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பெட்ரோல் நின்ற பிறகும் ஈயம் நிற்கவில்லை. 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி நம் நாட்டில் சுமார் 27 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. காரணங்களில் மசாலாவும் ஒன்று. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்தார்கள். பாட்னாவில் வாங்கியதில் 1,000 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் இருந்தது. நம் கணக்கில் சொன்னால் ஒரு கிலோ மஞ்சளில் ஒரு கிராமுக்கு மேல் ஈயம். சட்டம் அனுமதிப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல். மெருகேற்றிய கிழங்கிலும் சில்லறையாக அள்ளி விற்கும் தூளிலும்தான் அதிகம். மெருகேற்றாததில் குறைவு.

நமக்கு நம்பிக்கை தந்தது வங்காள தேசத்துச் செய்தி. 1980களில் அங்கே வெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது இந்தச் சாயம் பழக்கத்துக்கு வந்ததாம். நம் கதையும் மழையில்தானே தொடங்கியது! முப்பது வருடம் அது சகஜமாகவே நடந்தது. கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் கடைசியில் மஞ்சள் டப்பாவில் வந்து நின்றார்கள். 2019இல் அந்நாட்டு அரசு எழுந்தது. டாக்கா சியாம்பஜார் மொத்த மார்க்கெட்டில் அதிகாரிகள் கருவியோடு நுழைந்து அங்கேயே சோதித்து, இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தார்கள். மார்க்கெட் மார்க்கெட்டாக ஐம்பதாயிரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வருடம் கடைகளில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் இருந்தது; 2021இல் ஒன்றில்கூட இல்லை. விவசாயியைத் திருத்தவில்லை, வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. மண்டியிலும் மெருகு மில்லிலும் கை வைத்தார்கள், இரண்டே வருடத்தில் நின்றது.

ஈயத்துக்குப் பங்காளிகளும் உண்டு. பாதரச ஆவி மூச்சில் போனால் கை நடுக்கம், மறதி, சிறுநீரகக் கேடு. நம் மாநிலத்தில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் விவகாரம் 2001இல் வெளியே வந்ததே ஒரு பழைய இரும்புக் கடையில்தான். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் அங்கே கிடந்தது. வாங்கிய பழைய சாமான் வியாபாரிக்கு அது கண்ணாடிச் சரக்கு, அவ்வளவுதான். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது 2016இல். ஆர்சனிக் வங்காளத்துக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் வந்து தோலைக் கெடுத்தது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கும். இவற்றை விரித்தால் தனிக் கட்டுரை ஆகும்.

நம் கடைக்குள்ளேயே ஈயம் வரக்கூடிய வேறு வழிகளைச் சொல்லிவிடுகிறோம். சிந்தூரம், மலிவுக் குங்குமம். சிவப்பு ஈயத்துக்கே செந்தூரம் என்றொரு பெயர் உண்டு. நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்தது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். அடுத்தது செய்தித்தாள். வடை, பஜ்ஜியை அதில் வைத்துக் கொடுத்தால் அச்சு மையில் உள்ள ஈயமும் மற்ற ரசாயனங்களும் எண்ணெயோடு இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் எச்சரித்தது. பொட்டலம் கட்டிப் பழகிய கை நம்முடையது, விடுவது சிரமம்தான். பிறகு ஈயச் சொம்பு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு. நஞ்சு காரீயத்தில்தான். ஆனால் சொம்பிலும் பித்தளைக்குப் பூசும் பூச்சிலும் காரீயத்தைக் கலந்தால் புளி ரசத்தில் அது கரையும். பாத்திரக் கடை நண்பர்கள் கவனிக்க வேண்டியது.

கரண்டு போகும் நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி இல்லாத கடை இல்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பழையதை நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வருபவரிடம் போட்டால், எங்கோ ஒரு கொட்டகையில் உடைத்து உருக்குவார்கள். அந்தத் தூசி உருக்குபவர் சட்டையோடு வீட்டுக்குப் போய் அவர் குழந்தையின் பாயில் விழும். பேட்டரி விற்ற டீலரிடமே பழையதைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வைத்தியம் உண்டா என்றால், முதல் வைத்தியம் ஈயம் வரும் வழியை அடைப்பது. இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால் ஈயத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகளை ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாத சாப்பாடு இருந்தால் ஈயம் ஏறுவது மட்டுப்படும். நம் சீமையின் ராகிக் களியும் கீரையும் இந்த வகையில் நல்லவை. ஆனால் அதுவே மருந்தாகிவிடாது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், விற்றவர் கொடுக்கும் பில்லே சரக்கின் தரத்துக்கு அவர் கொடுக்கும் உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாமல் வாங்கினால் முழுப் பழியும் வாங்கியவர் தலையில். நமக்கு நேர்ந்தது அதுதான். தரகரைக் காட்ட நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மாதிரி எடுக்க அலுவலர் வந்தால் நான்கு பாகமாகப் பிரிப்பார். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு, நம் செலவில், அனுப்பச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பயந்து நிற்காமல் கேளுங்கள்.

டம்ளர் சோதனையை உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிக் கொடுக்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு மஞ்சளைப் போட்டதும் நிறம் கரைந்து இறங்கினால் வாங்காதீர்கள். இறங்காவிட்டால் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. அளவு சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். தூளுக்கு இந்தச் சோதனை பயன்படாது. ஆகவே மெருகு குறைந்த விரலியை வாங்கி, நம் கண் முன்னால் அரைத்து விற்பதே நல்லது. மங்கலாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர் கேட்டால் இந்த டம்ளரைக் காட்டுங்கள். தளிக்காரர் தம் கடையில் அப்படித்தான் செய்கிறார். இப்போது அவரிடம் மங்கல் விரலிதான் முதலில் தீர்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மண்டியும் தனியாக ஆய்வுக்கு அனுப்பினால் செலவு கையைக் கடிக்கும். பருவத்துக்கு ஒரு முறை மஞ்சள், மிளகாய்த் தூள், குங்குமம் மாதிரிகளைச் சேர்த்து சங்கத்தின் பெயரில் அனுப்பினால் செலவு பங்காகும். சம்மதமுள்ள மொத்த வியாபாரிகள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நம் மண்டிச் சரக்கு முதல் மாதிரியாகப் போகட்டும்.